நம்ம பேட்ச் ஆடாத ஆட்டம்

2020 ஜூன் 9 ஞாபகம் இருக்கா? பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்துன்னு அறிவிப்பு வந்த நாள். காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதம், வருகைப்பதிவுக்கு 20 சதவீதம், எல்லாரும் பாஸ். அன்னைக்கு ஒட்டின "ஆல் பாஸ் பேட்ச்" என்ற பெயர் இன்னும் நம்மை விடல. இன்டர்வியூ வரைக்கும் கூடவே வருது.

அதே வருஷம் நம்ம வயசுப் பசங்க இன்னொரு கூட்டத்துக்கும் ஒரு பெரிய பரீட்சை ரத்தாச்சு. அது நம்மில் நிறைய பேருக்குத் தெரியாது. இந்தியாவின் 16 வயதுக்கு உட்பட்டோர் கால்பந்து அணி. 2004 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்களை வைத்துக் கட்டிய அணி. நம்ம வகுப்பில் பாதிப் பேர் அந்தக் கணக்குக்குள்ள வருவோம். வயசை மட்டும் சொல்றேன், திறமையை இல்லை.

2019 ஆகஸ்டில் மேற்கு வங்கத்தின் கல்யாணியில் நடந்த தெற்காசியப் போட்டி இறுதியில் நேபாளத்தை 7-0 என்று அடித்தார்கள். அடுத்த மாதம் தாஷ்கண்ட். ஆசியக் கோப்பைக்கான தகுதிச்சுற்று. துர்க்மெனிஸ்தான் 5-0. பஹ்ரைன் 5-0. கடைசி ஆட்டத்தில் சொந்த மண்ணில் ஆடிய உஸ்பெகிஸ்தானுடன் 1-1. மூணு மேட்ச், 11 கோல் போட்டு ஒரே ஒரு கோல் வாங்கி, குழுவில் முதலிடம். பயிற்சியாளர் பிபியானோ ஃபெர்னாண்டஸ், கோவாக்காரர். இந்தக் கட்டுரையில் இவர் பெயர் திரும்பத் திரும்ப வரும்.

ஆசியக் கோப்பை 2020-இல் பஹ்ரைனில். இந்தியா, தென்கொரியா, ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான் என்று குழு பிரிச்சாச்சு. அரையிறுதி போனால் 2021-இல் பெரு நாட்டில் உலகக் கோப்பை. அப்புறம் என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும். போட்டி தள்ளிப்போச்சு, மறுபடியும் தள்ளிப்போச்சு. 2020 டிசம்பரில் உலகக் கோப்பையை ஃபிஃபா ரத்து செய்தது, 2021 ஜனவரியில் ஆசியக் கோப்பையும் ரத்து.

நமக்கு பிளஸ் டூ-ன்னு இன்னொரு பரீட்சை வந்தது. அவங்களுக்கு வரல. ஏன் வரலன்னு புரிய, இந்த வயசு அணிகள் எப்படி இயங்குதுன்னு முதல்ல பார்க்கணும்.

பெரியவங்க அணியில் இந்த வருஷம் தோத்தால் நாலு வருஷம் கழிச்சு அதே ஆள் திரும்பி வரலாம். சுனில் சேத்ரி ஓய்வு பெற்றுவிட்டு மறுபடியும் வந்து ஆடினார். வயசு அணியில் அது நடக்காது. ஒரு தேதி குறிப்பாங்க. அந்த ஜனவரி 1-க்கு ஒரு நாள் முந்திப் பிறந்திருந்தாலும் வெளியே. 2017 உலகக் கோப்பைக்கு அந்தத் தேதி 2000 ஜனவரி 1. 2018 ஆசியக் கோப்பைக்கு 2002. தள்ளிப்போன நம்ம போட்டிக்கு 2004. அடுத்த போட்டி வரும்போது தேதியும் நகர்ந்துவிடும், ஆட்களும் மாறிடுவாங்க. அரியர் எழுத வாய்ப்பே இல்லாத செமஸ்டர் மாதிரி.

அதனால் "இந்திய யூத் டீம் நல்லா ஆடுது", "மோசமா ஆடுது" என்று ஒரே வரியில் சொல்வதில் அர்த்தம் கொஞ்சம்தான். அது ஒரே அணி இல்லை. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முழுசாக் கலைஞ்சு, புதுப் பசங்களை வைத்து மறுபடி கட்டப்படுவது.

இதில் ஒரு சின்ன டெக்னிக்கல் விஷயம், நம்ம காலேஜ் பத்திரிகை என்பதால் சொல்லிடுறேன். பிறந்த தேதியை எப்படி நம்புவது? சர்டிஃபிகேட்டில் வயசைக் குறைச்சுப் போடுவது உலகம் பூரா நடக்கிற வேலை. 2009-இல் நைஜீரியாவில் நடந்த 17 வயது உலகக் கோப்பை முதல் ஃபிஃபா மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கிறது. முன்கையில் கட்டைவிரல் பக்கமாக இருக்கும் ரேடியஸ் எலும்பின் முனையில் ஒரு வளர்ச்சித் தட்டு இருக்கும். வளர்கிற வயசில் அது குருத்தெலும்பு, ஸ்கேனில் தனியாகத் தெரியும். வளர்ச்சி முடிய முடிய இறுகி எலும்போடு ஒன்றாகிவிடும். முழுசா ஒட்டியிருந்தால் பையன் அநேகமாக 17 தாண்டியவன். எக்ஸ்-ரே மலிவுதானே, ஏன் எம்.ஆர்.ஐ.? நோயே இல்லாத பையன் மேல் கதிர்வீச்சு பாய்ச்சக் கூடாது என்பதுதான் காரணம். ஆக, இந்த ஆட்டத்தில் எலும்பு ஒட்டுவதற்குள் வாய்ப்பு வந்தாக வேண்டும்.

இப்போ பழைய கதைக்குப் போவோம். இந்தியா ஒரு தடவை ஆசிய சாம்பியன். தமாஷ் இல்லை.

1974, பாங்காக். ஆசிய இளைஞர் சாம்பியன்ஷிப். பயிற்சியாளர் அருண் கோஷ், அணியின் நட்சத்திரம் ஹைதராபாத்தின் ஷபீர் அலி. இறுதி ஆட்டத்தில் எதிரே ஈரான். சாதாரண ஈரான் இல்லை, 1973 முதல் 1976 வரை தொடர்ந்து நாலு வருஷமும் இந்தக் கோப்பையில் பெயர் பொறித்த ஈரான். ஆட்டம் 2-2. ரெண்டு நாடுமே சாம்பியன் என்று அறிவித்தார்கள். ஆசிய அளவில் இந்திய இளைஞர் ஆண்கள் அணி வாங்கிய ஒரே பட்டம் இன்றைக்கும் அதுதான்.

அந்த அணி ஏன் உலகக் கோப்பைக்குப் போகவில்லை? போக ஒரு உலகக் கோப்பையே இல்லை. ஃபிஃபாவின் முதல் உலக இளைஞர் போட்டி நடந்தது 1977-இல், துனிசியாவில். ஆசியாவிலிருந்து போன இரண்டு அணிகளில் ஒன்று ஈரான். நம்மோடு கோப்பையைப் பங்கு போட்ட அதே ஈரான். 1974-இல் ஆடிய நம்ம பசங்களுக்கு அப்போ வயசு தாண்டியாச்சு. அதற்குப் பிறகு இன்று வரை இந்திய ஆண்கள் அணி 20 வயது உலகக் கோப்பையை மிதித்ததே இல்லை.

பாருங்க, ஒரு பேட்ச் மூணு வருஷம் சீக்கிரம் வந்துட்டது. நம்ம பேட்ச் கொரோனாவில் மாட்டிக்கிட்டது. நடுவில் வந்த ரெண்டு பேட்ச்தான் நம்ம தலைமுறைக்குத் தெரிஞ்சது.

முதலாவது, 2017. அப்போ நாம எட்டாம் வகுப்பு. 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தது. டெல்லி, கொல்கத்தா, நவி மும்பை, குவாஹாத்தி, கொச்சி, மட்கான் என ஆறு ஊர். தமிழ்நாட்டில் ஒரு மேட்ச் கூட இல்லை. நம்ம ஊர்க்காரங்க பார்க்கணும்னா செங்கோட்டை தாண்டி கொச்சிதான் பக்கம். அங்கே பிரேசில் ஸ்பெயினை 2-1 என்று ஜெயித்தது. மொத்தம் 52 ஆட்டங்களையும் நேரில் பார்த்தவர்கள் 13 லட்சத்து 47 ஆயிரத்துக்கு மேல். அந்தப் போட்டியின் வரலாற்றில் அதுவரை வராத கூட்டம். கால்பந்தை இந்தியாவில் யார் பார்க்கிறான்னு கேட்பவங்களுக்கு இந்த எண் போதும்.

இந்தியா போட்டியை நடத்திய நாடு என்பதால் உள்ளே போனது. தகுதிச்சுற்று ஜெயிச்சுப் போகல. இதை மறைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவிடம் 0-3, கொலம்பியாவிடம் 1-2, கானாவிடம் 0-4. மூணும் தோல்வி. ஆனா அந்த நடு ஆட்டத்தைப் பார்த்தவங்க யாரும் மறக்க மாட்டாங்க. டெல்லியில், அக்டோபர் 9. கொலம்பியா ஒரு கோல் முன்னிலை. 82-ஆவது நிமிடம். பெங்களூரு பையன் சஞ்சீவ் ஸ்டாலின் கார்னர் அடிக்கிறான். மணிப்பூரின் ஜீக்சன் சிங் எல்லாருக்கும் மேலே எழும்பித் தலையால் உள்ளே தள்ளுகிறான். ஃபிஃபா உலகக் கோப்பை ஒன்றில், எந்த வயசுப் பிரிவாக இருந்தாலும், ஓர் இந்தியர் போட்ட முதல் கோல். ஸ்டேடியமே எழுந்து நிக்குது. 83-ஆவது நிமிடம் கொலம்பியாவின் பெனலோசா மறுபடி கோல்.

ஒரே நிமிடம். கொண்டாடிய மூச்சு அடங்கும் முன்னே. அந்த ஒரு நிமிடத்துக்குக் காரணம் திறமைக் குறைவுன்னு நான் நினைக்கல. சமன் செய்த உடனே என்ன செய்யணும், யார் எங்கே நிக்கணும், எப்படி வேகத்தைக் குறைக்கணும் என்பது சொல்லிக் கொடுத்து வருவதில்லை. அப்படிப்பட்ட நிமிடங்களை நூறு தடவை ஆடிப் பழகியவனுக்குத்தான் வரும். இதற்குப் பின்னால் வர்றேன்.

அந்த 21 பேர் அணியில் 8 பேர் மணிப்பூர். 2011 மக்கள்தொகைக் கணக்கில் மணிப்பூர் மாநிலம் முழுக்கச் சேர்த்து சுமார் 28.5 லட்சம் பேர். அதே கணக்கில் நம்ம திருநெல்வேலி மாவட்டம், தென்காசி பிரியறதுக்கு முந்தினது, 30.7 லட்சம். நம்ம ஒரு மாவட்டத்தை விடச் சின்ன மாநிலம் எட்டுப் பேரைக் கொடுத்தது. தமிழ்நாடு மொத்தமும் சேர்ந்து ஒருத்தரைக் கூடக் கொடுக்கல. முதல் தடவை இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துப் பக்கத்துல எழுதிப் பார்த்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

தமிழ்நாட்டுக்குக் கால்பந்து வராதுன்னு சொல்ல முடியாது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக இந்தியாவின் கோலைப் போட்டவர் நம்ம சைமன் சுந்தரராஜ். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட கடைசி கோல் அதுதான். நாகர்கோவில் தாண்டி தூத்தூர், இரவிபுத்தன்துறை பக்கம் போனால் கடற்கரை மணலே மைதானம். மைக்கேல் சூசைராஜ் அங்கிருந்து வந்தவர்தான். 2018-19 ஐ-லீக்கை ஜெயித்தது சென்னை சிட்டி அணி.

சரி, ரெண்டாவது பேட்ச். 2018. இந்த வருஷத்தைத்தான் இந்திய இளைஞர் கால்பந்தின் நல்ல வருஷம் என்று நான் சொல்வேன்.

ஆகஸ்டில் ஸ்பெயினின் வலென்சியா பக்கம் கோட்டிஃப் கோப்பை. இந்தியாவின் 20 வயது அணி முர்சியாவிடம் 0-2, மௌரிடேனியாவிடம் 0-3 என்று தோற்று, வெனிசுவேலாவுடன் 0-0 டிரா செய்துவிட்டு, கடைசியில் அர்ஜென்டினா முன் நின்றது. 4-ஆவது நிமிடம் தீபக் டாங்ரி கோல். ரெண்டாம் பாதியில் ஒரு இந்திய ஆட்டக்காரருக்கு சிவப்பு அட்டை, மிச்ச ஆட்டம் பத்துப் பேர். பத்துப் பேரோடு ஆடும்போதே அன்வர் அலி ஃப்ரீ கிக்கில் ரெண்டாவது கோல். முடிவு 2-1, இந்தியா வெற்றி. தோற்ற அர்ஜென்டினா அணியின் பயிற்சியாளர் யார் தெரியுமா? லயனல் ஸ்கலோனி. நாம ஃபர்ஸ்ட் இயர் சேர்ந்த அந்த டிசம்பர்ல ஹாஸ்டல் டிவி முன்னாடி கத்திக் கூச்சல் போட்டுப் பார்த்த கத்தார் இறுதி ஆட்டம், அதை ஜெயித்த அதே ஸ்கலோனி. ஆனா இதை வைத்து "நாம அர்ஜென்டினாவையே ஜெயிச்சோம்"னு ஸ்டேட்டஸ் போடுறவங்களுக்கு ஒரு தகவல்: அந்தக் கோட்டிஃப் கோப்பையைக் கடைசியில் வாங்கியதும் அர்ஜென்டினாதான்.

அதைவிட எனக்குப் பெருசாப் படுவது அடுத்த மாதம் நடந்தது. மலேசியாவில் 16 வயது ஆசியக் கோப்பை. 2002-இல் பிறந்த பசங்க, பயிற்சியாளர் பிபியானோ. வியட்நாமை 86-ஆவது நிமிடத்து பெனால்டியில் 1-0. அடித்தவர் கேப்டன் விக்ரம் பிரதாப் சிங். ஈரானுடன் 0-0, அதில் கோல்கீப்பர் நீரஜ் குமார் ஒரு பெனால்டியைத் தடுத்தார். இந்தோனேசியாவுடன் 0-0. ஒரு கோல் கூட வாங்காமல் காலிறுதி. 2002-க்குப் பிறகு இந்தியா அந்த இடத்துக்கு வந்தது அப்போதுதான்.

காலிறுதியில் தென்கொரியா. அக்டோபர் 1. ஜெயிச்சால் அரையிறுதி, அரையிறுதி என்றால் நேரா உலகக் கோப்பை. 67 நிமிடம் வரை 0-0. கொரியாக்காரன் அடித்த பந்தை நீரஜ் தட்டிவிட்டார். தட்டிய பந்து இன்னொரு கொரியாக்காரன் காலுக்குப் போனது. 0-1. முடிஞ்சது.

மொத்தம் நாலு ஆட்டம். வாங்கினது ஒரே கோல். ஆனா போட்டதும் ஒரே கோல், அதுவும் பெனால்டி. தடுப்பது ஒழுங்காலும் உழைப்பாலும் வரும், முகாமில் ஒரு வருஷம் சேர்ந்து இருந்தால் கத்துக்கலாம். கோல் போடும் கலை அப்படி வராது. பாக்ஸுக்குள்ள அரை விநாடியில் முடிவெடுக்கணும். அதுக்குத் திரும்பவும் அதே மருந்துதான், நிஜமான மேட்ச்கள், நிறைய.

இன்னொரு வயித்தெரிச்சல். 2025-இலிருந்து 17 வயது உலகக் கோப்பை 24 அணியிலிருந்து 48 அணியாக விரிந்தது. வருஷாவருஷம் கத்தாரில் நடக்கிறது. ஆசியாவுக்கு இப்போ எட்டு இடம். அதாவது ஆசியக் கோப்பையின் காலிறுதிக்குப் போனாலே உலகக் கோப்பை டிக்கெட். 2018 பசங்க இன்றைக்கு அதே ஆட்டங்களை ஆடியிருந்தால், கொரியாவிடம் தோற்ற பிறகும் பெட்டி கட்டியிருப்பாங்க.

இப்போ மேட்ச் கணக்குக்கு வருவோம். 2023-இல் தாய்லாந்தில் நடந்த 17 வயது ஆசியக் கோப்பையில் இந்தியா ஜப்பானிடம் 4-8 என்று தோற்றது. இதை நான் ரெண்டு விதமாப் படிக்கிறேன். அந்தத் தடவை கோப்பை வாங்கிய ஜப்பானுக்கு எதிரா நாலு கோல் என்பது சும்மா இல்லை. எட்டு வாங்கினதும் சும்மா இல்லை.

ஜப்பானில் பள்ளிகளுக்கான தேசியக் கால்பந்துப் போட்டி நூறு வருஷத்துக்கு மேல நடக்குது. 47 மாகாணத்துக்கும் ஒரு பள்ளி, டோக்கியோவுக்கு மட்டும் ரெண்டு, ஆக 48 பள்ளிகள். இறுதி ஆட்டத்தை டோக்கியோ தேசிய மைதானத்தில் பல ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். அது வருஷக் கடைசித் திருவிழா மட்டும்தான். அதுக்கு முன்னால மாதக்கணக்கில் பள்ளிகளும் கிளப்களும் லீக் ஆடிக்கிட்டே இருக்கும்.

நம்ம பக்கம் எப்படி? குறுவட்டப் போட்டி, மாவட்டம், மண்டலம், மாநிலம். எல்லாம் நாக் அவுட். நான் எங்க பள்ளி அணியில் லெஃப்ட் பேக். ஒன்பதாம் வகுப்பில் குறுவட்டத்தில் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். எதிரணி எங்களைவிட நல்லா ஆடினாங்க, அதில் சந்தேகமில்லை. ஆனா அந்த வருஷம் நான் ஆடிய போட்டி ஆட்டம் மொத்தமே அவ்வளவுதான், ஒரு மணி நேரம்கூட இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது பி.டி. சார் "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்ல" என்றார். அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு, ஸ்பெஷல் கிளாஸ். அதற்கு அடுத்தது உங்களுக்கே தெரியும்.

கணக்கு எளிது. 16 பள்ளிகள் நாக் அவுட் ஆடினால் மொத்தம் 15 ஆட்டம். அதில் 8 பள்ளிகள் ஒரே ஒரு ஆட்டத்தோட வீட்டுக்குப் போயிடும். அதே 16 பள்ளிகளை எட்டு எட்டாப் பிரிச்சு லீக் வைத்தால் 56 ஆட்டம். கடைசியில் வர்ற அணிக்குக் கூட 7 ஆட்டம். செலவு கூடும், நடுவர் கிடைக்கணும், மைதானம் கிடைக்கணும், பரீட்சைக்கு நடுவுல சனிக்கிழமை சனிக்கிழமையா நாள் ஒதுக்கணும். சும்மா சொல்லிட முடியாதுதான். ஆனா தோற்ற பிறகும் அடுத்த வாரம் ஆடலாம் என்பதுதான் ஒரு பையன் கத்துக்கிற இடம். நம்ம ஏற்பாட்டில் தோற்றவனுக்கு அடுத்த வாரம் கிடையாது.

அப்ப மத்த நாள்ல எங்க ஆடுவோம்? பாளையிலும் ஜங்ஷன் பக்கமும் இருக்கிறவங்களுக்கு மைதானம் உண்டு. ஆத்தங்கரை கிராமத்துப் பசங்களுக்கு வயல்தான். பிசானம் அறுவடை முடிஞ்சு, தாள் காய்ஞ்சு தரை இறுகினதும் தொடங்கி, காருக்குத் தண்ணி விடுற வரைக்கும். ரெண்டு, மூணு மாசம். அதிலும் பாதிப் பிட்ச் கிரிக்கெட்டுக்குப் போயிடும். மிச்சத்தில் பனை மட்டையைக் கோல் போஸ்டா ஊன்றி ஆடின ஆளுங்க நம்ம காலேஜ்லயே நிறைய பேர் உண்டு. தண்ணி வந்தா சீசன் முடிஞ்சது. தாமிரபரணிதான் நம்ம லீக்கின் அட்டவணை போடுறது.

தேசிய அணிக்கு வருவோம். 2017 பேட்சுக்கு ஒரு நல்லது நடந்தது. உலகக் கோப்பை முடிஞ்சதும் அவங்களைக் கலைத்து வீட்டுக்கு அனுப்பல. இந்தியன் ஏரோஸ் என்ற அணியாக அப்படியே வைத்து ஐ-லீக்கில் பெரியவங்களோடு ஆட விட்டார்கள். தோற்றார்கள், ஆனா வாராவாரம் ஆடினார்கள். பலன் கண்ணுக்குத் தெரியுது. ஜீக்சன், சுரேஷ், அபூயா என்று கூப்பிடப்படும் லாலெங்மாவியா, அன்வர் அலி, ராகுல் கே.பி. எல்லாரும் பிறகு சீனியர் இந்திய அணிக்கு ஆடினார்கள். உலகக் கோப்பையில் மூணும் தோற்ற அணிதான் இது. அந்த மூணு மேட்ச் ஸ்கோரை மட்டும் பார்த்தால் தோல்வி. அடுத்த அஞ்சு வருஷத்தைப் பார்த்தால் வேற கதை. 2022-இல் ஏரோஸையும் மூடிட்டாங்க. நம்ம 2004 பேட்சுக்கு ஆசியக் கோப்பையும் இல்லாமப் போனது, அதே மாதிரி ஒரே அணியாச் சேர்ந்து வருஷக்கணக்கில் ஆடும் ஏற்பாடும் அமையல.

பெண்கள் அணியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நம்ம கிளாஸ் பொண்ணுங்க என்னைச் சும்மா விட மாட்டாங்க, நியாயமும் அவங்க பக்கம்தான். 17 வயதுப் பெண்கள் உலகக் கோப்பை 2020-இல் இந்தியாவில் நடக்க வேண்டியது. அதுவும் கொரோனாவில் போனது. அதாவது நம்மைவிட ஒரு வயசு மூத்த அக்காக்கள் பேட்ச் சொந்த மண்ணில் உலகக் கோப்பையை இழந்தது. அது 2022-இல் வேற பொண்ணுங்களுக்குக் கிடைத்தது. அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5. இதுவும் வீட்டுக்காரங்க என்ற முறையில் கிடைத்த இடம்தான்.

ஆனா 2025 பாருங்க. ஆகஸ்டில் 20 வயதுப் பெண்கள் அணி மியான்மர் போய், மியான்மரையே 1-0 என்று ஜெயித்து, 20 வருஷம் கழித்து ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அக்டோபரில் 17 வயதுப் பெண்கள் கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கில் உஸ்பெகிஸ்தானை 2-1 ஜெயித்து அவங்க ஆசியக் கோப்பைக்குப் போனாங்க. நடத்துற நாடு என்ற சலுகை எதுவும் இல்லை, வெளியூர் போய் ஆடி வாங்கினது. எனக்கு 2022-இல் ஆடின உலகக் கோப்பையை விட இந்த ரெண்டு தகுதிச்சுற்றும் பெருசு.

நவம்பர் 30, அகமதாபாத். பசங்க முறை. ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றின் கடைசி ஆட்டம், எதிரணி ஈரான். முந்தின ஆட்டத்தில் லெபனானிடம் 0-2 தோற்றிருந்ததால் இதில் ஜெயித்தே ஆகணும். ஈரான் முதல் கோல் போட்டது. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் கிடைத்த பெனால்டியில் கேப்டன் டல்லால்முவோன் காங்டே சமன் செய்தார். ரெண்டாம் பாதி தொடங்கி ஏழெட்டு நிமிடத்தில் குன்லைபா ரெண்டாவது கோல். அதுக்கப்புறம் நாற்பது நிமிடத்துக்கு மேல ஈரான் முட்டி மோதியது. 2017-இல் ஒரு நிமிடம் தாங்க முடியாமல் போன இடத்தில், இந்தப் பசங்க நாற்பது நிமிடம் நின்னாங்க. 2-1. பெஞ்சில் இருந்த பயிற்சியாளர் பிபியானோ ஃபெர்னாண்டஸ். தாஷ்கண்டில் நம்ம பேட்சைத் தகுதி பெற வைத்தவர், கொரியாவிடம் ஒரே கோலில் நின்னவர்.

இந்த அணிக்குத் தேதி 2009 ஜனவரி 1. நம்ம தம்பிங்க வயசு. ஆசியக் கோப்பை வர்ற மே மாதம் சவூதி அரேபியாவில். குழுவைத் தாண்டிக் காலிறுதிக்கு வந்தால் போதும், இந்திய ஆண்கள் அணி முதல் தடவையாக ஆடி ஜெயித்து ஓர் உலகக் கோப்பைக்குப் போகும்.

மே மாதம் நமக்கு ப்ராஜெக்ட் வைவா, அதோட கேம்பஸை விட்டே கிளம்பியிருப்போம். ஜூனியர்ஸ், டிவி ரூமை ஐ.பி.எல்.-காரங்ககிட்ட இருந்து அந்த ரெண்டு மணி நேரத்துக்கு மட்டும் பிடிச்சு வையுங்க.